எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்

கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 34. போன மாதம் டவுனில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. எங்களையும் போகச் சொன்னார்கள், போனோம். பேச வந்தவர் நடுவில், "சட்டம், கோர்ட்டு, பாராளுமன்றம்னு பாத்துக்கிட்டிருந்தா இந்த நாடு உருப்படாது. கண்டிப்பான ஒரு ஆள் வேணும். ரெண்டு பேரைத் தூக்குனா மத்தவன் எல்லாம் ஒழுங்கா இருப்பான்" என்றார். முன்வரிசையில் கைதட்டல் தொடங்கி மண்டபமே அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த, தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் அக்காவும் தட்டினார். நானும் தட்டினேன். அந்தப் பேச்சில் எனக்குத் துளிகூட உடன்பாடு இல்லை. தட்டி முடித்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

என் தம்பிக்கு 23 வயது. கொழும்பில் புடவைக் கடையில் வேலை. தீபாவளிக்கு வந்தவன் மூன்று நாளும் இதே பேச்சுத்தான். "சிங்கப்பூரைப் பாருக்கா, ஒரே ஆளு, ஒரே அடி" என்கிறான். அப்பாவும் தலையாட்டுகிறார். என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பேச்சாளர் மாதிரி விரலை நீட்டி மிரட்டி விளையாடுகிறார்கள். நான் கோழையா? தம்பியை எப்படித் திருத்துவது?

ஓர் ஆசிரியை, கொட்டகலை

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு திருத்தம். நான் டொக்டர் இல்லை. உளவளத்துணையாளர். ஹட்டனில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து ஆட்கள் சொல்வதைக் கேட்பதுதான் என் தொழில். நீங்கள் கேட்டிருப்பது மருந்தில்லாத விஷயம் என்பதால் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி, "தட்டி முடித்த பிறகுதான் என் கையைப் பார்த்தேன்" என்பது. தம்பிக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தக் கையைப் பார்ப்போம். மனதில் ஒரு கொள்கை உருவாகிறது, அப்புறம் கை அதற்கேற்ப அசைகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல நேரம் நடப்பது தலைகீழ். கை முந்திவிடுகிறது, மனம் பின்னால் ஓடி வந்து அதற்கு ஒரு காரணம் தேடுகிறது. உங்கள் மனம் காரணம் தேட மறுத்துவிட்டது. அதனால்தான் தூக்கம் போனது. நியாயமான தூக்கமின்மை அது. அதை நோய் என்று நினைக்காதீர்கள்.

1950களில் அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது அந்தக் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். தரம் ஒன்று பிள்ளைக்கும் தெரியும் விடை. தனியாகக் கேட்டால் நூற்றுக்கு ஒரு தடவைகூட ஆட்கள் பிழை விடவில்லை. ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லாரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே தவறான விடையைச் சத்தமாகச் சொன்னார்கள். கடைசியில் அந்த ஒரு அப்பாவியின் முறை வந்தது. மொத்த விடைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கூட்டத்தோடு சேர்ந்து பிழையாக வந்தன. நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கண்ணெதிரே தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு விசாரித்தபோது சிலர், என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன் என்றார்கள். இன்னும் சிலர், பிழை என்று தெரியும், தனியாகத் தெரிய விரும்பவில்லை என்றார்கள். அவர்களை யாரும் மிரட்டவில்லை, காசும் கொடுக்கவில்லை. வெறும் கோடு.

உங்களுக்கு முன்னால் இருந்தது வெறும் கோடு இல்லை. மேடை, ஒலிபெருக்கி, முன்வரிசையில் டவுன் முக்கியஸ்தர்கள், பாடசாலையிலிருந்து அனுப்பப்பட்டவர் என்ற நிலை. நீங்கள் தட்டாமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். கோழை என்ற சொல்லை எடுத்து ஓரமாக வையுங்கள்.

இந்தப் பார்த்துச் செய்யும் குணத்தை ஏதோ ஆட்டுமந்தைப் புத்தி என்று திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா கொழுந்து எடுத்தவர். அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. பன்னிரண்டு வயதில் படங்கைக் கட்டிக்கொண்டு பாட்டி பின்னாலேயே நிரையில் நின்று, பாட்டியின் விரல் போன வழியில் விரலை விட்டுக் கற்றுக்கொண்டார். முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்பார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "எங்கம்மா சொல்லும், நான் சொல்றேன்" என்றார். அதற்கும் கொழுந்தின் நிறைக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கவே இல்லை, ஐம்பது வருடம் சொன்னார்.

இதை 2005இல் ஒரு பரிசோதனையில் அழகாகக் காட்டினார்கள். பரிசு ஒளித்துவைத்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டுகிறார்கள். திறக்கும் முன் தேவையே இல்லாமல் ஒரு குச்சியால் பெட்டியைத் தட்டுகிறார்கள். பெட்டி கண்ணாடி போல உள்ளே தெரியும் பெட்டி, அந்தத் தட்டலால் ஒன்றும் ஆகவில்லை என்பது பார்த்தாலே விளங்கும். உகண்டாவில் இருந்த சிம்பன்சிகள் தட்டலை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. ஸ்கொட்லாந்தில் மூன்று, நாலு வயது மனிதப் பிள்ளைகள் அந்த வெட்டித் தட்டலையும் சேர்த்தே செய்தார்கள். முதல் தடவை படித்தபோது, சிம்பன்சி நம்மைவிடக் கெட்டிக்காரன் என்று சிரித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பெரியவர்கள் செய்வதில் எது தேவை, எது தேவையில்லை என்று மூன்று வயதில் யாருக்கும் தெரியாது. முழுதாக அள்ளிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அப்படி அள்ளிக்கொண்டதால்தான் நமக்கு மொழி, சமையல், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கை எல்லாம் வந்தது. பெட்டியோடு சேர்த்து அந்தத் தட்டலும் வந்துவிடுகிறது. அதுதான் விலை.

சரி, யாரைப் பார்த்துச் செய்கிறோம்? இங்கேதான் அரசியல் உள்ளே வருகிறது.

ஜோசப் ஹென்ரிக், கில்-வைட் என்ற இரு மானுடவியலாளர்கள் 2001இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார்கள். மனிதக் கூட்டத்தில் மேலே நிற்பதற்கு இரண்டு வழி. ஒன்று மதிப்பு. கைத்திறனுக்காக, அறிவுக்காக ஆட்கள் தாமாக வந்து ஒருவரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது. மற்றது மிரட்டல், பயத்தால் ஒதுங்கி வழிவிடுவது. நம் தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்க ஆராய்ச்சி தேவையில்லை. நல்ல கொழுந்துக்காரியைச் சுற்றி நிற்பது ஒரு விதம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியின் முன்னால் தலை குனிந்து நிற்பது இன்னொரு விதம். ஒரே ஆளுக்கு இரண்டும் கிடைப்பதும் உண்டு.

சாதாரண நாளில் நாம் மதிப்புள்ளவரைப் பார்க்கிறோம். நாடு ஆட்டம் காணும்போது, நாளை என்ன நடக்கும் என்று தெரியாதபோது, சத்தமாகவும் தயங்காமலும் பேசுபவரிடம் கண் போகிறது. தயக்கமின்மையைத் திறமை என்று வாசித்துவிடுகிறோம். அவரிடம் உண்மையில் ஏதாவது திறமை இருக்கிறதா என்று சோதிக்க நமக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் அவரை நம்புகிறாரா என்று பார்க்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பார்க்கிறார்.

2019ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஏழு மாதம் கழித்து நவம்பரில் தேர்தல். பாதுகாப்பு, கண்டிப்பு, இராணுவ ஒழுங்கு என்று பேசிய முன்னாள் இராணுவ அதிகாரி கோட்டாபய ராஜபக்ஷ 69 லட்சம் வாக்கில் வென்றார். வென்ற கையோடு நாட்டில் ஒரு கூத்து நடந்தது, ஞாபகமா? ஊருக்கு ஊர் இளைஞர்கள் பெயின்ட் வாளியோடு கிளம்பிச் சுவர்களில் படம் வரைந்தார்கள். அரசாங்கம் உத்தரவு போடவில்லை. ஒரு டவுன்காரர் வரைந்த படம் பேஸ்புக்கில் வந்தது, அடுத்த டவுன்காரரும் கிளம்பினார். வரைந்த பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன், சில படங்கள் உண்மையிலேயே அழகு. ஆனால் ஒவ்வொரு சுவரும் "ஊரே இவர் பக்கம்" என்று சொல்லிக்கொண்டு நின்றது. அடுத்த வருடம் ஒக்டோபரில் ஜனாதிபதிக்கு அதிகாரங்களை அள்ளிக் கொடுத்த 20ஆம் திருத்தம் பாராளுமன்றத்தில் 156 வாக்குகளோடு போனது.

அதே ஊர், அதே போன், அதே கண். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில் அவர் வீட்டுக்கு முன்னால் கூடிய சனத்தை மற்றவர்கள் நேரலையில் பார்த்தார்கள். அடுத்த கிழமைகளில் நாடு முழுக்கத் தெருவில் இறங்கியது. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது. ஜூலை 14 அன்று சிங்கப்பூரிலிருந்து அவரது இராஜினாமா வந்தது. இப்போது நீங்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், அந்த 69 லட்சத்தில் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரும் "நான் அப்பவே சொன்னேன்" என்கிறார்கள்.

ஆட்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. திமூர் குரான் என்ற பொருளியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். நாம் மற்றவரின் மனதைப் பார்க்க முடியாது, வெளியே தெரிவதை மட்டும் பார்க்கிறோம். வெளியே தெரிவதோ அவர்கள் நம்மைப் பார்த்துப் போட்டுக்கொண்ட முகம். மண்டபத்தில் இருந்த இருநூறு பேரில் எத்தனை பேர் உண்மையில் தூக்கச் சொன்னார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, அந்தப் பேச்சாளருக்கும் தெரியாது. கைதட்டலின் சத்தம் மட்டும்தான் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அடுத்த ஊரில் அதே வரியை இன்னும் சத்தமாகச் சொல்வார். அவரும் உங்களைப் பார்த்துத்தான் செய்கிறார்.

இன்னொரு படிக்கட்டு மேலே இருக்கிறது. ஆள்பவர்களும் ஆள்பவர்களைப் பார்த்துச் செய்கிறார்கள். 1922 ஒக்டோபரில் முசோலினியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் ரோமை நோக்கிக் கிளம்ப, அரசர் பயந்து அவருக்கு ஆட்சியைக் கொடுத்தார். ஒரு வருடம் கழித்து மியூனிக்கில் ஹிட்லர் அதையே செய்து பார்த்தார், தோற்று ஜெயிலுக்குப் போனார். ஆனால் நீட்டிய கை வணக்கத்தையும் சீருடைச் சட்டையையும் அவர் விடவில்லை. 1928 மே தேர்தலில் அவர் கட்சிக்கு 2.6 வீதம். 1930இல் 18.3. 1932 ஜூலையில் 37.3. நடுவில் பொருளாதாரம் விழுந்தது, வேலையில்லாதவர்கள் அறுபது லட்சத்தை நெருங்கினார்கள். அந்தக் காரணத்தை நான் மறைக்க மாட்டேன். ஆனால் 1928இல் அவருக்கு வாக்குப் போட வெட்கப்பட்ட ஒருவருக்கு 1930இன் முடிவே வெட்கத்தைப் போக்கியிருக்கும். ஆறு பேரில் ஒருவர் போட்டிருக்கிறார் என்றால் நான் போட்டால் என்ன?

நம் பேச்சாளரின் "ரெண்டு பேரைத் தூக்குனா" என்ற வரியும் சொந்தச் சரக்கு இல்லை. இலங்கையில் கடைசியாகத் தூக்கில் போட்டது 1976இல். 2019 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மணிலாவுக்குப் போனார். அங்கே அப்போதைய பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி துத்தெர்த்தே நடத்திய போதைப்பொருள் யுத்தத்தை, விசாரணை இல்லாமல் ஆயிரக்கணக்கானவர் கொல்லப்பட்ட யுத்தத்தை, உலகத்துக்கே முன்மாதிரி என்று புகழ்ந்தார். திரும்பி வந்து தூக்குப் போடுபவர் வேலைக்கு விளம்பரம் கொடுத்தார்கள். நூற்றுக்கு மேல் விண்ணப்பம் வந்தது. ஜூன் மாதம் நாலு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்தும் வைத்தார். உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்தப் பேச்சாளர் வேண்டாம் என்றாரே, அதே கோர்ட்டு. முன்மாதிரி என்று சொல்லப்பட்டவரோ 2025 மார்ச்சில் கைதாகி, ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் காவலுக்குப் போனார். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை நமக்குத் தெரியும். இங்கே புலிக்கே சூடு பட்டுவிட்டது.

தம்பியின் சிங்கப்பூரும் இப்படித்தான். சிங்கப்பூர் முன்னேறியது உண்மை. ஆனால் அங்கே 1952இலேயே ஊழலை விசாரிக்கத் தனித் திணைக்களம் வந்தது. 1960இல் வீடமைப்புச் சபை தொடங்கி, சேரியில் இருந்தவர்களை மாடி வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பற்றி யாரும் டிக்டொக் போடுவதில்லை, முப்பது செக்கனில் வீடு கட்டிக் காட்ட முடியாதே. பிரம்படியைக் காட்டலாம். எதிர்ப்பவரை உள்ளே போட்டதைக் காட்டலாம். பெட்டி திறந்தது எதனால் என்று தெரியாமல், குச்சியால் தட்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது. மூன்று வயதில் அது கெட்டிக்காரத்தனம். நாட்டை ஆள வருபவர் செய்தால் வேறு விஷயம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது உபதேசமாகிவிடும். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் என்னைப் பகிடிவதை செய்தார்கள். முழங்காலில் நிற்கவைத்தார்கள். "தோட்டக்காட்டான்" என்று தொடங்கும் ஒரு பாட்டை என்னையே பாடவைத்தார்கள். அழுதேன், வீட்டுக்கு ஓடப்பார்த்தேன். இரண்டாம் வருடம் புதிதாக வந்த ஒரு பையனை நான் முழங்காலில் நிற்கவைத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நண்பர்கள் செய்தார்கள், நானும் செய்தேன். பாட்டுக்கூட அதே பாட்டு. அடிவாங்கியவன் அடியை வெறுப்பான் என்று நினைக்கிறோம். பல நேரம் அவன் அடிக்கும் கையைத்தான் மனப்பாடம் செய்கிறான்.

உங்கள் தம்பியை நான் பார்த்ததில்லை. ஆனால் தலவாக்கலையிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பதினெட்டு வயதில் கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகள் பல பேர் என் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே வேலை. முதலாளி கத்துவார். வாடிக்கையாளர் அதட்டுவார். பொலிஸ் அடையாள அட்டை கேட்கும். படுக்கக் கடைக்கு மேலே ஒரு பாய். இரவு பதினொரு மணிக்குப் போனில், யாருக்கும் பயப்படாத ஓர் ஆள் மந்திரிகளை விரலை நீட்டி மிரட்டுகிறார். தம்பிக்கு அவரைப் பிடிக்காமல் எப்படிப் போகும்? நாள் முழுக்க மிரட்டப்பட்டவன் மிரட்டுபவனின் பக்கத்தில் நின்று பார்க்கிறான். பக்கத்துப் பாய்க்காரனும் அதே வீடியோவுக்குத்தான் லைக் போடுகிறான். அங்கே கொள்கை என்று எதுவும் இல்லை, இரண்டு பாய்களும் ஒரு போனும்தான் இருக்கின்றன.

அதனால் தீபாவளிப் பலகாரத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அவனோடு வாதாடாதீர்கள். அப்பா பார்க்கிறார், சித்தப்பா பார்க்கிறார். அந்த இடத்தில் அவன் பின்வாங்க முடியாது, பிடியை இறுக்குவான். ஆஷின் பரிசோதனையில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். விடையைச் சத்தமாகச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னார்கள். கூட்டத்தோடு சாய்வது வெகுவாகக் குறைந்தது. தம்பிக்கும் அந்தத் தாளைக் கொடுங்கள். அடுத்த தடவை அவன் வரும்போது ஸ்டேஷனுக்கு நீங்கள் தனியாகப் போய் அழைத்து வாருங்கள். நடந்து வரும்போது அந்தத் தலைவரைப் பற்றிக் கேட்காதீர்கள். முதலாளியைப் பற்றிக் கேளுங்கள். "கடையில சட்டம் கிட்டம் இல்லாம முதலாளி நினைச்சதுதான் நடக்குதா? அது உனக்கு நல்லா இருக்கா?" பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம். அவன் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டில் தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடதாசி இருக்கிறதா என்று தேடுங்கள். பல லயங்களில் தகரப் பெட்டிக்கடியில் இன்னும் இருக்கிறது. இருந்தால் அவன் கையில் கொடுங்கள். 1947 தேர்தலில் மலையகத்தார் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டு, 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கு போடப்பட்டார்கள். எந்த லயத்திலும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தம்பி கெட்டிக்காரனாக இருந்தால் உடனே மடக்குவான். "அந்தச் சட்டத்தைப் போட்டதே பாராளுமன்றம்தானே அக்கா?" சரியான கேள்வி, மழுப்பாதீர்கள். ஆமாம், பாராளுமன்றம்தான். வாக்கு இருக்கும்வரை நமக்கு ஏழு பேர் எழுந்து நின்று பேச முடிந்தது. வாக்கைப் பறித்த பிறகு இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து நம்மைப் பங்கு போட முடிந்தது. ஒரே ஆள் எல்லாவற்றையும் முடிவு செய்யட்டும் என்றால், அந்த 1964 மேசைக்கு முன்னால் நாடு முழுக்க நிற்க வேண்டிவரும். பிறகு 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் சொல்லலாம். மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்தார்கள், 1982இல் நிரந்தரமாக்கினார்கள். கண்டிப்பான ஆள் வந்தால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று கடைக்கு மேலே பாயில் படுத்திருக்கும் பையனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனிடம்தான் அடையாள அட்டை கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும் பார்த்துச் செய்தல் என்ற ஒரு சாவியால் திறக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வருவதற்கு நம் ஆட்கள் 2021 வரை கத்த வேண்டியிருந்தது. அந்தச் சனத்துக்கு, பேச்சுவார்த்தை, குழு, அறிக்கை என்ற சொற்களே வாந்தி வரவைக்கும். அந்தக் கோபம் நகல் இல்லை, அசல். நகல் எடுக்கப்படுவது கோபத்துக்கு என்ன மருந்து என்ற பகுதி மட்டும்தான். ஊர் சொல்வதை அப்படியே எடுக்காமலும் நம்மால் இருக்க முடியும். 2019இல் ஒரு பெரிய தொழிற்சங்கம் கோட்டாபயவை ஆதரித்தும், நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மற்ற வேட்பாளருக்கே போட்டார்கள்.

பிள்ளைகள் விரலை நீட்டி விளையாடுவதைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். நாளை வேறொருவரை நடிப்பார்கள். தடுத்தால் அதற்கு ருசி கூடும். வகுப்பில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேள்வி கேட்டவுடன் "தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்று சொல்லாமல், முதலில் எல்லாரும் கொப்பியில் விடையை எழுதட்டும், பிறகு கை தூக்கட்டும். கெட்டிக்காரப் பிள்ளையின் கையைப் பார்த்துத் தூக்கும் கைகள் எத்தனை என்று முதல் நாளே தெரிந்துவிடும். ஒருவன் மட்டும் வேறு விடை எழுதியிருந்தால், அது பிழையாக இருந்தாலும், ஏன் அப்படி எழுதினாய் என்று சிரிக்காமல் கேளுங்கள்.

பிழையான விடை என்றாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆஷ் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கூட்டத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் சரியான விடையைச் சொல்லவைத்தார். அவ்வளவுதான், அந்த அப்பாவி கூட்டத்தோடு சாய்வது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்த ஆள் வாதாடவில்லை, யாரையும் திட்டவில்லை. தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒருவரும் பிழையாகச் சொல்லி, ஆனால் கூட்டம் சொன்னதைவிட வேறொரு பிழையாகச் சொன்னபோதும், பிழைகள் குறைந்தன.

அதனால் அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று எதிர்த்துப் பேச வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் வேலை இருக்கிறது, இடமாற்றம் என்று ஒன்று இருக்கிறது, ஊர் இருக்கிறது. "ஊரோடு ஒத்து வாழ்" என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருங்கள், போதும். கைப்பையைப் பிடித்துக்கொண்டால் இன்னும் சுலபம். கை தானாக எழும்பாது. முகத்தில் எந்தக் கோபமும் வேண்டாம். எல்லாரும் தட்டும் அந்தப் பத்து செக்கன் ரொம்ப நீளமாகத் தெரியும், அதை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு போங்கள்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக் காம்பரா அக்காவை எங்கேயாவது தனியாகக் கண்டால், அன்றைக்கு யாரைப் பார்த்துக் கைதட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "டீச்சர் தட்டினீங்க, அதான் நானும்" என்று அவர் சொன்னால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.